வீட்டுத் தோட்டத்தில் அழகு மூங்கில்: குச்சி நடும் முன் இடம் பாருங்கள்



வீட்டுத் தோட்டப் பாடத்தில் கீரை, முருங்கை, பந்தல் காய்கறி என்று பார்த்து வருகிறோம். இந்த முறை மூங்கில். "ஆத்தங்கரையில தானா வளர்றதுக்கு ஒரு பாடமா?" என்று நீங்கள் கேட்கலாம். பாடம் வேண்டும் என்பதை நாங்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் நம் குழு ஒன்றின் கூட்டம் இரண்டு மாதம் நடக்கவில்லை. காரணம் ஒரு மூங்கில் குத்து. சம்பந்தப்பட்ட இரண்டு உறுப்பினர்களும் "எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும், பேரு மட்டும் வேணாம்" என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறோம்.

இருவர் வீடும் அடுத்தடுத்து. மூத்தவர் குழுவின் செயலாளர். ஏழு வருடத்துக்கு முன் குளிக்கிற இடத்துக்கு மறைப்பாக மஞ்சள் மூங்கில் குச்சி இரண்டு நட்டார். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் குச்சிக்கும் ஒரு முழம் கூட இடைவெளி இல்லை. முதல் இரண்டு வருடம் விரல் தடிமனில் நின்றது. மூன்றாம் வருடம் கை தடிமனில் முளை வந்தது. இப்போது வீட்டை விட உயரம். இலை முழுவதும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது. போன மழைக்கு முளைத்த கழிகள் சுவரை நெருக்கி, சுவர் மேலிருந்து கீழ்வரை விரிந்துவிட்டது.

"ஒங்க மூங்கி எஞ்சுவத்தப் பொளந்துருச்சுக்கா" என்று இளையவர் கேட்டார். "ஏழு வருசமா நிக்கிதே, அப்ப எல்லாம் கண்ணு தெரியலையா?" என்று மூத்தவர் திருப்பிக் கேட்டார். பேச்சு வளர்ந்தது. அந்த நேரம் இளையவர் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட 20,000 ரூபாய் கடன் கேட்டிருந்தார். தீர்மானம் போட்டாகிவிட்டது. வங்கியில் பணம் எடுக்கச் செயலாளர் கையெழுத்து வேண்டும். அவர் போகவில்லை. கடைசி நாள் நெருங்கியதும் இளையவர் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டினார்.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. அந்தக் குச்சியைக் கொடுத்ததே நாங்கள்தான். வீட்டுத் தோட்டப் பயிற்சியில் "அழகா இருக்கும், மறைப்பாகவும் இருக்கும்" என்று சொல்லி ஆளுக்கு இரண்டு குச்சி கொடுத்தோம். எவ்வளவு பெரிதாகும், சுவரிலிருந்து எத்தனை அடி தள்ள வேண்டும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இன்று சொல்கிறோம்.

மூங்கில் எப்படி வளர்கிறது?

மூங்கில் மரம் இல்லை, புல் வகை. நெல், கரும்பு, அருகம்புல் எல்லாம் அதற்குச் சொந்தம். மரம் வருடா வருடம் பருக்கும். மூங்கில் கழி அப்படிப் பருக்காது. மண்ணை விட்டு வெளியே வரும்போது என்ன தடிமனோ, கடைசி வரை அதே தடிமன்தான். மழைக்காலத்தில் முளைக்கும் குருத்து சில மாதத்திலேயே முழு உயரத்துக்குப் போய்விடும். பிறகு இரண்டு மூன்று வருடம் நின்று முற்றும்.

அப்படியானால் குத்து எப்படிப் பெரிதாகிறது? மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில்தான் விஷயம். கிழங்கிலிருந்து ஒவ்வொரு வருடமும் புதுக் கிழங்கு வெளிப்பக்கமாகக் கிளம்பும். அதிலிருந்து புதுக் கழி வரும். முதல் வருடக் கழி மெலிசு, அடுத்தது அதை விடத் தடிமன். கந்து வட்டிக் கடன் போல, ஆரம்பத்தில் சின்னதாகத்தான் தெரியும். சின்னதாக இருக்கும்போதே கணக்குப் பார்த்துவிட வேண்டும்.

நம் ஊர் மூங்கில்கள் குத்தாக வளர்கிறவை. குளிர் நாடுகளில் கிழங்கு நீளமாக ஓடி, பத்தடி தள்ளிப் போய் முளைக்கிற வகைகள் உண்டு. நம்முடையது அப்படி ஓடாது, மெல்ல அகலமாகும். அதனால் நம்மால் கட்டுக்குள் வைக்க முடியும்.

எந்த வகை, எதற்கு?

மஞ்சள் மூங்கில்: மஞ்சள் கழியில் பச்சைக் கோடு ஓடும். முள் கிடையாது. பார்க்க அழகு. நல்ல மண்ணும் தண்ணீரும் கிடைத்தால் 30 அடிக்கு மேல் போகும். கொல்லை பெரிதாக உள்ளவர்கள் மட்டும் வைக்கலாம்.

வேலி மூங்கில்: கழி மெலிசாக, நெருக்கமாக வரும். கீழிலிருந்தே இலை அடர்ந்திருக்கும். 10 முதல் 20 அடி உயரம். வெட்டி வெட்டி ஆள் உயரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். குளிக்கும் இடத்துக்கு மறைப்பு வேண்டுமென்றால் இதுதான் பொருத்தம். அன்று நாங்கள் கொடுத்திருக்க வேண்டியதும் இதைத்தான்.

குண்டு மூங்கில்: கணுவுக்குக் கணு குடம் போல உப்பி இருக்கும். புத்தர் வயிற்று மூங்கில் என்றும் சொல்வார்கள். தொட்டியில் வைத்து, தண்ணீரை அளவாக ஊற்றினால்தான் நன்றாக உப்பும். தரையில் தாராளமாகத் தண்ணீர் பாய்ந்தால் சாதாரண மூங்கில் போல நேராகப் போய்விடும்.

முள் மூங்கில்: ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய மூங்கில். கரையைக் காக்கும், ஏணிக்கும் பந்தலுக்கும் ஆகும். வீட்டுப் பக்கம் வேண்டாம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் அந்த முள் ஆபத்து.

கடையில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி "லக்கி பாம்பூ" என்று விற்பது மூங்கிலே இல்லை. அது வேறு குடும்பத்துச் செடி. நிழலில், வீட்டுக்குள் வளரும். அதை வாங்கிக் கொல்லையில் வெயிலில் நட்டால் கருகிவிடும்.

இடம் பார்ப்பது எப்படி?

குச்சியைக் கையில் எடுக்கும் முன் இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. மஞ்சள் மூங்கிலை வீட்டுச் சுவர், கிணறு, கழிவறைத் தொட்டி, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து 10 அடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். வேலி மூங்கிலுக்கு 4 முதல் 5 அடி.

2. அண்ணாந்து பாருங்கள். மேலே மின்கம்பி போனால் அந்த இடம் வேண்டாம்.

3. தண்ணீர் தேங்குகிற பள்ளம் ஆகாது. மூங்கிலுக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் நின்ற தண்ணீரில் கிழங்கு அழுகிவிடும். தாழ்வான இடமென்றால் மண்ணை மேடாக்கி நடுங்கள்.

4. எல்லைக் கோட்டில் நடாதீர்கள். எல்லைக்குப் பக்கம் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். "இங்க மூங்கி வைக்கலாம்னு இருக்கேன், ஒங்களுக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லியே?" இந்த ஒரு கேள்விக்குச் செலவில்லை.

5. குச்சி நடும் இடத்தைச் சுற்றி மூன்றடி அளவுக்குக் கயிறால் வட்டம் போடுங்கள். சில வருடத்தில் குத்து அந்த வட்டம் முழுவதையும் பிடிக்கும். அப்போதும் நடக்கவும் குனிந்து வெட்டவும் இடம் இருக்குமா என்று நின்று பாருங்கள்.

குச்சியிலிருந்து கன்று

மஞ்சள் மூங்கிலுக்கு விதை கிடைக்காது, கழித் துண்டில்தான் வளர்க்க வேண்டும். மாசி, பங்குனி மாதத்தில் ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்கு நடக் கன்று தயாராகும்.

ஒன்றரை முதல் இரண்டு வயதுக் கழியைத் தேர்ந்தெடுங்கள். மட்டை மூடியிருப்பது ரொம்ப இளசு. அழுக்கும் திட்டுமாக மங்கிப் போனது கிழடு. இரண்டும் வேண்டாம்.

இரண்டு கணு உள்ள துண்டாக வெட்டுங்கள். இரண்டு முனையிலும் கணுவைத் தாண்டி மூன்று விரல் அளவு விட்டு வெட்ட வேண்டும். கணுவில் உள்ள மொட்டு உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கக் கிளைகளைக் குட்டையாக நறுக்கிவிடுங்கள்.

இரண்டு கணுவுக்கும் நடுவில் ஒரு சின்ன ஓட்டை போட்டு உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். ஓட்டையைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

மணல், செம்மண், மக்கிய சாண எரு சமமாகக் கலந்த பாத்தியில் துண்டைப் படுக்க வையுங்கள். ஓட்டை மேல் பார்த்து இருக்கட்டும். இரண்டு மூன்று அங்குலம் மண் மூடி, மேலே தென்னங்கீற்று நிழல் போடுங்கள். மண் காயாமல் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில வாரத்தில் துளிர் வந்துவிடும். "பொழச்சிருச்சு" என்று பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் நாலு நாளில் வாடிவிடும். மூங்கிலில் துளிர் முதலில் வரும், வேர் பிறகுதான் வரும். இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். வேர் பிடித்ததும் பையில் மாற்றி, இன்னும் சில வாரம் நிழலில் வைத்துப் பிறகு நடுங்கள்.

வேலி மூங்கிலுக்கு இத்தனை வேலை இல்லை. மழை தொடங்கும்போது பழைய குத்தின் ஓரத்திலிருந்து மூன்று நான்கு கழியைக் கிழங்கோடு பிரித்து எடுத்து, மேல் பாகத்தை வெட்டிவிட்டு நட்டால் போதும்.

நடுவதும் பராமரிப்பதும்

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுங்கள். மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய எருவும் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பி நடுங்கள். முதல் வருடம் ஆட்டிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. குருத்து என்றால் ஆடு மாடு இரண்டுக்கும் உயிர். சுற்றி முள் கட்டுங்கள்.

குளித்த தண்ணீரை மூங்கிலுக்கு விடலாம். ஓரிடத்தில் தேங்காமல், சின்ன வாய்க்கால் வெட்டி, கொஞ்சம் மணலும் கல்லும் போட்டு ஊறவிடுங்கள். இடையிடையே நல்ல தண்ணீரும் பாயட்டும். உதிரும் இலையை அடியிலேயே மூடாக்காகப் போடலாம். ஆனால் வீட்டை ஒட்டிக் குவித்து வைக்காதீர்கள். குப்பையில் எலி வரும், எலி தேடிப் பாம்பு வரும்.

மூன்றாவது வருடத்திலிருந்து தை, மாசியில் கழிக்க வேண்டும். முற்றிய கழியை மட்டும் எடுங்கள், இளசை விடுங்கள். குருத்து வரும் மழைக்காலத்தில் வெட்ட வேண்டாம். தரைக்குப் பக்கத்தில் ஒரு கணுவுக்குச் சரியாக மேலே வெட்டுங்கள். உயரத்தில் வெட்டினால் மிச்சக் கட்டை குவளை போல நிற்கும். அதில் மழைத் தண்ணீர் தேங்கி, டெங்கு பரப்புகிற கொசு முட்டையிடும். அப்படிப்பட்ட பழைய கட்டை இருந்தால் இன்றைக்கே மண் போட்டு அடைத்துவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன், குத்தைச் சுற்றி மண்ணைக் கிளறிப் பாருங்கள். நீங்கள் போட்ட வட்டத்தைத் தாண்டிக் கிழங்கு வந்திருந்தால் கடப்பாரையால் வெட்டி எடுத்துவிடுங்கள். வருடா வருடம் செய்தால் அரை நாள் வேலை. ஏழு வருடம் விட்டுச் செய்தால் என்ன ஆகும் என்று கடைசியில் சொல்கிறோம்.

நீங்கள் கேட்ட கேள்விகள்

"மூங்கில் பூத்தா குடும்பத்துக்கு ஆகாதாமே?"
முள் மூங்கில் பல பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை பூத்து, விதைத்து, பிறகு காய்ந்துவிடும். அது அதன் இயல்பு. அந்த விதைதான் மூங்கில் அரிசி. ஒரு பகுதி மூங்கில் எல்லாம் சேர்ந்து பூக்கும்போது விதை தின்ன எலி பெருகிப் பயிரையும் அழிக்கும். அதனால் வந்த பயம் இது. மஞ்சள் மூங்கில் பூப்பதே அபூர்வம். உங்கள் குடும்பத்துக்கும் பூவுக்கும் சம்பந்தமில்லை.

"குருத்தைச் சமைக்கலாமா?"
மூங்கில் குருத்தைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. மரவள்ளியில் உள்ளது போன்ற நச்சு அதில் உண்டு. நறுக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே சமைப்பார்கள். பழக்கம் இல்லாதவர்கள் விட்டுவிடுங்கள். குழந்தைகள் கடித்துப் பார்க்காமல் கவனியுங்கள். குருத்து மட்டையில் உள்ள சுணை பட்டால் அரிக்கும், கையில் துணி சுற்றிக்கொண்டு தொடுங்கள்.

"வெட்டின கழி சீக்கிரம் உளுத்துப் போகுதே?"
கழிக்குள் இருக்கும் மாவுச் சத்துக்குத்தான் வண்டு வருகிறது. முற்றிய கழியை வெட்டி, இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் முழுக ஊறப்போட்டு, நிழலில் காயவையுங்கள். நம் பெரியவர்கள் குளத்தில் ஊறப்போட்டது இதற்காகத்தான்.

"வெட்டி விக்க அனுமதி வேணுமா?"
2017-ல் மத்திய அரசு இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, மரம் என்ற பட்டியலிலிருந்து மூங்கிலை எடுத்துவிட்டது. நம் மாநிலத்துக்கு 1882-ம் ஆண்டு முதல் தனி வனச் சட்டம் இருக்கிறது. ஆகவே வீட்டுத் தேவைக்கு மேல் வண்டியில் ஏற்றி விற்பதாக இருந்தால், வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஆற்றுப் படுகையிலும் புறம்போக்கிலும் உள்ளது உங்களுடையதல்ல, அதில் கை வைக்க வேண்டாம்.

"இதுல வருமானம் உண்டா?"
உண்டு, சின்ன அளவில். அவரைக்கும் புடலைக்கும் பந்தல் கொம்பு சொந்தமாகக் கிடைக்கும். வருடா வருடம் கீற்றுத் தட்டி மாற்றும் செலவு மிச்சம். கன்று வளர்த்தால் நாற்றுப் பண்ணைக்குக் கொடுக்கலாம், ஆனால் யார் வாங்குவார்கள் என்று பேசிக்கொண்டு பிறகு வளருங்கள். "கன்று நாங்கள் தருகிறோம், கழியை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், பணத்தை முதலில் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் நிதானம் தேவை. ஈமு கோழியில் அப்படிக் கட்டியவர்கள் 2012-ல் கொங்குப் பகுதியில் எப்படித் தவித்தார்கள் என்று பார்த்தோம். அழகு மூங்கிலுக்காகக் குழுவில் கடன் வாங்காதீர்கள். குச்சி கேட்டால் யாரும் தருவார்கள்.

அந்த இரண்டு வீட்டில் என்ன ஆனது?

கூட்டமைப்புத் தலைவியும் நாங்களும் போய் உட்கார்ந்தோம். முதலில் எங்கள் தவறை ஒப்புக்கொண்டோம். "குச்சி கொடுத்தப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல" என்றோம். அதன் பிறகுதான் மூத்தவர் வாய் திறந்தார். "மூங்கி விசயத்துல எனக்குத் தெரியாது. ஆனா கையெழுத்துப் போடாம இருந்தது எந்தப்புதான். அது வேற, இது வேற" என்றார்.

சுவர்ப் பக்கக் குத்தை எடுக்க முடிவானது. நாலு பேர் இரண்டு நாள் கடப்பாரை போட்டார்கள். சுவர் பூசும் செலவை மூத்தவர் ஏற்றார். அடகு வட்டியையும் அவரே கட்டுவதாகச் சொன்னார். இளையவர் வட்டியை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். எடுத்த கழியில் நல்லதைத் துண்டு போட்டோம். அந்தக் கன்றுகள் இப்போது ஊர்க் கோயில் குளத்துக்குப் பின்புறம், ஊராட்சியில் கேட்டுப் பெற்ற இடத்தில் நிற்கின்றன. மூத்தவர் வீட்டுக் குளிக்கும் இடத்துக்கு, சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி வேலி மூங்கில் வைத்தாயிற்று. குழி எடுக்கும்போது இளையவர் வந்து அளந்து பார்த்தார்.

அந்தக் குழு தீர்மான நோட்டில் ஒரு வரி சேர்த்தது: சொந்தச் சண்டைக்காக எந்தப் பிரதிநிதியும் குழுக் கடனுக்குக் கையெழுத்து மறுக்கக் கூடாது, மறுத்தால் அதே வாரம் கூட்டம் கூட்டி வேறு ஒருவரைப் போட வேண்டும். இரண்டு பேரும் இப்போது கூட்டத்துக்கு வருகிறார்கள். முன்பு பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள், இப்போது இடையில் ஒருவர் உட்காருகிறார். "சுவரு பூசியாச்சு, மத்தது மெல்ல ஆகும்" என்கிறார் இளையவர். தோடு மட்டும் மீண்டு வந்துவிட்டது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் எல்லையில் நிற்கும் மரம், மூங்கில், வேலியால் யாருக்காவது இடைஞ்சல் இருக்கிறதா? மழைக்கு முன் எதைச் சரி செய்யலாம்?

2. குளிக்கும் இடத்துக்கு மறைப்பு இல்லாத உறுப்பினர் வீடு எத்தனை? அவர்களில் யார் வீட்டில் வேலி மூங்கில் வைக்க இடம் இருக்கிறது?

3. தண்ணீர் தேங்கும் மூங்கில் கட்டை, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் உங்கள் தெருவில் எங்கெங்கே இருக்கின்றன?

4. உங்கள் குழுவில் பிரதிநிதி கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்வது என்று தீர்மானம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த மாதமே எழுதுங்கள்.

ஏழு வருடத்துக்கு முன் எங்களிடம் மூங்கில் குச்சி வாங்கியவர்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். ஒவ்வொரு வீடாக வந்து பார்க்கிறோம். கடப்பாரையோடுதான் வருவோம்.